கணுக்காலில் நிற்காத சாக்ஸ்: தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூரிலும் கோவையிலும் வடக்கே லூதியானாவிலும் ஆண்களுக்கான சாக்ஸ் பின்னுகிற ஆலை உரிமையாளர்களுக்கும், அந்தச் சாக்ஸில் தங்கள் பெயரை ஒட்டி விற்கிற நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

ராமநாதபுரத்தில் செருப்பு, ஷூ விற்கிற சின்னக் கடை என்னுடையது. ஷூவோடு சேர்த்துச் சாக்ஸும் விற்கிறேன். உங்கள் சரக்கு ஆலையிலிருந்து மொத்த வியாபாரிக்குப் போகிறது, அங்கிருந்து ஏஜென்ட் வழியாக எனக்கு வருகிறது. போட்டுப் பார்த்தவர் சொல்வது மட்டும் அந்த வழியில் திரும்பி உங்களிடம் வருவதில்லை. அறுபது, எழுபது ரூபாய்ச் சாமானுக்குப் பில்லைத் தேடி எடுத்துக்கொண்டு புகார் சொல்ல யாரும் கிளம்ப மாட்டார்கள். அடுத்த தடவை கடைக்கு வரும்போது, "அண்ணே, போன தடவை குடுத்தீங்களே அது வேணாம், வேற ஏதாச்சும் இருந்தா காட்டுங்க" என்பார்கள். ஏன் வேண்டாம் என்று கேட்டால் கால்மணி நேரம் சொல்வார்கள். கேட்கிற இடத்தில் நான் இருக்கிறேன், பின்னுகிற இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். அதனால்தான் இந்த மடல்.

இந்தக் கடற்கரையில் சாக்ஸ் போடுகிறவர் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை பெரும்பாலான ஆண்களின் காலில் இருப்பது ரப்பர் செருப்புதான். படகில் போகிறவருக்கும் உப்பளத்தில் நிற்கிறவருக்கும் உங்கள் சரக்கு தேவைப்படாது. வெயிலும் கடல் காற்றின் பிசுபிசுப்பும் சேர்ந்த ஊரில் காலை மூடி வைக்க யாருக்கும் ஆசை வராது. இங்கே சாக்ஸ் போடச் சொல்வது வேலைதான். ராமேஸ்வரத்தில் லாட்ஜ் வரவேற்பில் நிற்கிற தம்பி, ஏடிஎம் காவலாளி, வங்கி ஊழியர், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, போலீஸ்காரர், ரயில்வே ஊழியர், உச்சிப்புளி கடற்படைத் தளத்துக்கு வேலைக்குப் போகிறவர், பொறியியல் கல்லூரி மாணவர். இவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். பத்து, பன்னிரண்டு மணி நேரம் காலில் ஷூ இருக்கும். வேண்டும்போது கழற்றிவிட முடியாது. சாக்ஸ் நன்றாக இருந்தால் அன்றைக்கு அது ஞாபகத்துக்கே வராது. சரியில்லை என்றால் காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே நினைப்புதான்.

அவர்கள் சொல்கிற குறைகளில் முதலில் வருவது அளவு.

உங்கள் அட்டையில் 'ஃப்ரீ சைஸ்' என்று போட்டிருக்கிறது. சிலர் '6 முதல் 10 வரை' என்று ஷூ நம்பரைப் போடுகிறார்கள். ஷூ அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் இடையில் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம், அதாவது ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர். ஆறுக்கும் பத்துக்கும் நடுவில் 34 மில்லிமீட்டர் வந்துவிடுகிறது. ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர் நீள வித்தியாசம் உள்ள இரண்டு கால்களுக்கு ஒரே சாக்ஸ் என்கிறீர்கள். துணி இழுபடும், அதனால் உள்ளே போய்விடும் என்பது உண்மை. ஆனால் குதிகாலுக்கென்று நீங்கள் பின்னுகிற பை ஒரே இடத்தில்தானே இருக்கிறது? ஆறாம் நம்பர் கால்காரருக்கு அந்தப் பை குதிகாலுக்கு மேலே ஏறி ஷூவின் விளிம்பில் ஒரு மடிப்பாகத் துருத்துகிறது. அந்த மடிப்பு நாள் முழுக்க உரசும். பத்தாம் நம்பர்காரருக்கு அதே பை உள்ளங்காலுக்கு அடியில் போய்விடுகிறது. நடக்க நடக்கச் சாக்ஸ் கீழே இழுத்துக்கொண்டே வரும், விரல் நுனியில் விறைப்பாக நிற்கும், பெருவிரல் நகம் சீக்கிரமே அதைக் கிழித்துவிடும்.

"சாக்ஸ் ஓட்டையாயிருச்சு, மட்டமான நூல்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களின் கால் நம்பரைக் கேட்கிறேன். பெரும்பாலும் ஒன்பது, பத்து. நூலின் மேல் வருகிற பழியில் பாதி அளவைச் சேர்ந்தது என்பது என் கணிப்பு. குதிகால் சுருங்கி உரசுகிறது என்கிறவர்கள் ஆறும் ஏழும். எட்டாம் நம்பர்காரர்கள் அதே சாக்ஸைப் பாராட்டுகிறார்கள். ஒரே மாடலைப் பற்றி ஒருவர் அருமை என்பதும் இன்னொருவர் குப்பை என்பதும் ரசனை வித்தியாசத்தால் வருவதில்லை. இருவரும் அவரவர் காலைப் பற்றிய உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

பாத நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் புது இயந்திரம் வேண்டியதில்லை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். குதிகாலுக்கும் விரலுக்கும் நடுவில் எத்தனை வரிசை பின்னுவது என்பதைக் கணினியில் மாற்றினால் நீளம் மாறுகிறது. பிறகு ஆவியில் வடிவம் பிடிக்கிற அச்சு இரண்டு அளவில் வேண்டும். சரக்கை இரண்டாகப் பிரித்து அடுக்க வேண்டும். கடைக்காரர்கள் இரண்டு அளவும் வாங்கி வைப்பார்களா என்று உங்கள் ஆட்கள் தயங்குவது எனக்குத் தெரியும், ஏஜென்ட் அதைத்தான் சொன்னார். நான் வைக்கிறேன். ஆறு, ஏழுக்கு ஒன்று, எட்டு முதல் பத்துக்கு ஒன்று. ஷூவைப் பத்து நம்பரில் அடுக்கி வைக்கிற கடைக்காரனுக்குச் சாக்ஸை இரண்டு பெட்டியில் வைப்பது பாரமில்லை. பதினொன்று போடுகிற ஆட்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இப்போது கொடுக்க என்னிடம் எதுவுமே இல்லை.

அந்த ஆவி அச்சைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். கடையில் அட்டையோடு தொங்கும்போது எல்லாச் சாக்ஸும் அழகான கால் வடிவத்தில் இருக்கின்றன. கால் வடிவ உலோகத்தில் மாட்டி ஆவி கொடுத்த வடிவம் அது. முதல் துவைப்பில் அது கரைந்து, பின்னிய அளவுக்குச் சாக்ஸ் திரும்பிவிடுகிறது. காட்டன் அதிகம் என்றால் கொஞ்சம் சுருங்கவும் செய்யும். வாங்குகிறவர் கடையில் பார்த்தது ஒன்று, ஒரு வாரம் கழித்துக் காலில் ஏற்றுவது வேறொன்று. துவைத்த பிறகு நிற்கிற நீளம் எவ்வளவு என்பதைச் சென்டிமீட்டரில் அட்டையில் போடுங்கள் என்று கேட்கிறேன். இது நானாக ஆசைப்பட்டுக் கேட்கிற சலுகை இல்லை. சட்டமுறை எடையளவு விதிகளில் 2022-ஆம் ஆண்டு திருத்தம் செய்து, பொட்டலம் கட்டாமல் விற்கிற ஆடைகளுக்கும் பின்னலாடைகளுக்கும் சில அறிவிப்புகளிலிருந்து விலக்குக் கொடுத்தபோதுகூட, அளவை மட்டும் விட்டுவிடவில்லை. எஸ், எம், எல் போன்ற குறியோடு சென்டிமீட்டரிலோ மீட்டரிலோ சொல்ல வேண்டும் என்றுதான் இருக்கிறது. சட்டைக்கும் பனியனுக்கும் அதைச் செய்கிறீர்கள். சாக்ஸை மட்டும் ஏன் விட்டீர்கள்?

அடுத்தது மேல் பட்டை. கணுக்காலுக்கு மேலே பிடித்து நிற்க வேண்டிய அந்த எலாஸ்டிக்தான் என் கடையில் அதிகம் பேசப்படுகிற விஷயம். "ரெண்டு மாசம்கூட நிக்கல, ஷூவுக்குள்ள போயிருது" என்று ஒரு கூட்டம். "சாயங்காலம் கழட்டுனா கால்ல பள்ளம் விழுந்திருக்கு" என்று இன்னொரு கூட்டம். தளர்வும் இறுக்கமும் எதிரெதிர்க் குறைகள் மாதிரி தெரியும். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது. சீக்கிரம் தளர்ந்துவிடுகிற இழையை வைத்திருப்பதால் முதல் நாளிலேயே அதைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பின்னிவிடுகிறீர்கள். புதிதாக இருக்கும்போது வெட்டுகிறது, பழகுவதற்குள் செத்துப்போகிறது. நடுவில் சரியாக நிற்கிற நாட்கள் கொஞ்சம்தான்.

எங்கள் ஊரில் இது இன்னும் வேகமாக நடக்கிறது. அதற்குக் காரணங்கள் உண்டு. கடலோரக் கிராமங்கள் பலவற்றில் நிலத்தடித் தண்ணீர் உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிற தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைப்பார்கள், சாக்ஸ் துவைக்க அதைச் செலவழிக்க மாட்டார்கள். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அதில் உள்ள சுண்ணாம்பும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகத் துணியிலேயே படிந்துவிடும். அழுக்குப் போகவில்லையே என்று இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள், பிரஷ் போடுவார்கள், வெள்ளைச் சாக்ஸ் என்றால் பிளீச்சிங்கும் போடுவார்கள். எலாஸ்டிக்குக்காகச் சேர்க்கிற ஸ்பான்டெக்ஸ் என்ற செயற்கை இழைக்கு, பிளீச்சிங்கில் உள்ள குளோரின் ஆகாது. பிறகு மொட்டை மாடிச் சுவரில் உச்சி வெயிலில் காயப்போடுவார்கள். ரப்பர் இழையாக இருந்தால் வெயிலும் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து அதைத் தின்றுவிடும். குதிகால் வெடிப்புக்கு ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது இங்கே வழக்கம். மறுநாள் காலையில் அதே காலில்தான் சாக்ஸ் ஏறுகிறது.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்திலிருந்து வருகிற வாடிக்கையாளர்கள் சொன்ன ஒரு விஷயத்தை எந்த ஆலையும் யோசித்திருக்குமா என்று தெரியவில்லை. தொழுகைக்கு முன் ஒளு செய்ய வேண்டும், அதாவது முகம், கை, கால் கழுவ வேண்டும். வேலை நேரத்துக்குள்ளேயே இரண்டு, மூன்று தடவை சாக்ஸைக் கழற்றி, காலைக் கழுவி, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் திரும்ப மாட்டுகிறார்கள். ஈரக் காலில் இழுத்து ஏற்றும்போது பட்டை முழுக்க விரிகிறது. மற்றவர் ஒரு நாளைக்கு ஒரு தடவை இழுப்பதை இவர்கள் மூன்று, நான்கு தடவை இழுக்கிறார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கிற மச்சானோ காக்காவோ (அண்ணனோ) லீவில் வரும்போது கொண்டுவந்து கொடுக்கிற சாக்ஸ் ஒரு வருடம் தாங்குகிறது, உங்கள் சாக்ஸ் ஏன் தாங்கவில்லை என்று என்னிடம் கேட்கிறார்கள். அப்படிக் கொண்டுவந்த ஒன்றை வாங்கிப் பார்த்தேன். பட்டை அகலமாக இருந்தது, எலாஸ்டிக் ஒரே கோட்டில் நில்லாமல் பட்டை முழுக்க வரிசை விட்டு வரிசை ஓடியது. அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் பரவுகிறது, அதனால் பள்ளமும் விழவில்லை. இதை நீங்கள் பின்ன முடியாது என்றால் நம்ப மாட்டேன். உலகத்துக்கே பின்னல் துணி அனுப்புகிற ஊர் திருப்பூர்.

ஸ்பான்டெக்ஸ் 1958-இல் அமெரிக்காவில் உருவானதே ரப்பருக்கு மாற்றாகத்தான். ரப்பரைவிட மெல்லியது, நீடித்து உழைப்பது என்பதுதான் அதற்குப் பெருமை. இத்தனை வருடம் கழித்தும் ஆண்கள் காலையில் ரப்பர் பேண்டை மாட்டிச் சாக்ஸை நிறுத்துகிறார்கள் என்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. ஒரு காவலாளி அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். கணுக்காலைச் சுற்றிச் சிவந்த வளையம், கீழே வீக்கம். அவருக்குச் சர்க்கரை வேறு.

சர்க்கரை உள்ளவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. என் கடைக்கு வருகிற நாற்பது வயதைத் தாண்டிய ஆண்களில் அந்தப் பேச்சை எடுக்காதவர்கள் குறைவு. நரம்பு பாதித்துப் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு, சாக்ஸ் மடிந்து உரசுவது தெரியாது. கொப்புளம் வந்ததும் தெரியாது. ராத்திரி கழற்றிப் பார்த்தால்தான் புண் இருக்கும். இவர்களுக்கு மருத்துவர்கள் சொல்வது மூன்று: மேல் பட்டை இறுக்கக் கூடாது, விரல் பக்கத் தையல் தடிப்பாக இருக்கக் கூடாது, நிறம் வெளிறியதாக இருந்தால் நல்லது. ரத்தமோ நீரோ கசிந்தால் வெள்ளையில் உடனே கண்ணில் படும், கறுப்பில் தெரியாது. இப்படி ஒரு சாக்ஸ் கேட்டால், 'சர்க்கரை நோயாளிகளுக்கானது' என்று பெட்டியில் போட்டு மூன்று மடங்கு விலையில் தருகிறீர்கள். ஏடிஎம் வாசலில் நிற்கிறவரால் அதை வாங்க முடியாது. இந்த மூன்று குணமும் எல்லா ஆணுக்கும் நல்லதுதான். சாதாரணச் சாக்ஸையே இப்படிப் பின்னுங்கள், தனிப் பெட்டி வேண்டாம்.

விரல் பக்கத் தையலைப் பற்றி ஆண்கள் அதிகம் பேச மாட்டார்கள், ஏனென்றால் அது சாக்ஸின் குற்றம் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. ஷூ கடிக்கிறது என்று சொல்லி ஷூவை மாற்றித் தரச் சொல்வார்கள். நான் உள்ளே கைவிட்டுப் பார்ப்பேன், ஷூவில் ஒன்றும் இருக்காது. சாக்ஸை உட்புறமாகத் திருப்பினால் சுண்டுவிரல் பக்கம் தையல் ஒரு முடிச்சாகத் திரண்டிருக்கும். கண்ணிக்குக் கண்ணி சேர்த்துத் தட்டையாக மூடும் முறை இருக்கிறது. கொஞ்சம் நேரம் கூடுதலாகும், கொஞ்சம் செலவு கூடும். பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற ஆளுக்கு அந்தச் செலவு தகும் என்று நான் நினைக்கிறேன். பத்து ரூபாய் கூட்டி விற்றாலும், காரணம் சொன்னால் வாங்குவார்கள்.

துணியைப் பற்றி. 'நூறு சதவீதம் காட்டன்' என்று அட்டையில் போடாதீர்கள். மேலே எலாஸ்டிக் இருக்கிற சாக்ஸ் எப்படி நூறு சதவீதம் காட்டன் ஆகும்? ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினால் காட்டன் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், நைலானும் பாலியஸ்டரும் உருகிச் சின்ன மணியாகக் கட்டிக்கொள்ளும். அட்டையில் காட்டன் என்று இருந்த ஒரு கம்பெனிச் சாக்ஸில் உருவிய இழை எல்லாம் மணியாகத்தான் கட்டியது. அந்தச் சரக்கை அதற்குப் பிறகு நான் வாங்கவில்லை.

வாங்குகிறவர்களும் காட்டன், காட்டன் என்றுதான் கேட்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. பருத்தி தன் எடையில் எட்டு சதவீதத்துக்கு மேல் காற்றிலிருந்தே ஈரம் வாங்கி வைக்கும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. வியர்வை தோலில் நிற்காமல் இருக்கக் காட்டன் வேண்டும். ஆனால் முழுக்கக் காட்டனாக இருந்தால் உறிஞ்சிய ஈரம் இந்தக் கடல் காற்றில் காய்வதில்லை. நனைந்த காட்டன் தோலை உரசிக் கொப்புளம் போடும், குதிகாலிலும் விரல் நுனியிலும் சீக்கிரம் தேயும். தனுஷ்கோடி பக்கம் டூட்டி பார்க்கிறவர்களுக்கு மணல் வேறு உள்ளே புகுந்து அரைக்கும். காட்டன் அதிகம், அதோடு நைலான், குதிகாலிலும் விரலிலும் நைலான் கூடுதல், கொஞ்சம் ஸ்பான்டெக்ஸ். இந்தக் கலவையில் மெல்லியதாகப் பின்னியதுதான் என் வாடிக்கையாளர்களிடம் நல்ல பேர் வாங்கியிருக்கிறது. இதை மறைக்க என்ன இருக்கிறது? எது எத்தனை சதவீதம் என்று உண்மையைப் போடுங்கள். உள்ளே துண்டுத் துணி மாதிரி தடித்த சாக்ஸை இந்த மாவட்டத்துக்கு அனுப்பாதீர்கள். பஞ்சாப் குளிருக்கு அது நல்லது. இங்கே காலும் வேகிறது, ஷூவும் அரை நம்பர் இறுகிவிடுகிறது.

சாயத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. கறுப்புச் சாக்ஸைக் கழற்றினால் விரல் இடுக்கெல்லாம் கறுப்பு. இப்படிச் சாயம் காலில் ஒட்டுவது நிற்க வேண்டும்.

நாற்றத்தைப் பற்றி நீங்கள் அட்டையில் எழுதுகிற வாக்குறுதிகளை என் வாடிக்கையாளர்கள் நம்புவதை விட்டுவிட்டார்கள். வியர்வைக்குத் தனியாக நாற்றம் இல்லை, தோலில் உள்ள கிருமிகள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் வருகிறது. கிருமியைத் தடுக்கிற பூச்சு போட்டிருக்கிறோம் என்கிறீர்கள். சரி, எத்தனை துவைப்பு வரை? அந்த எண்ணைப் போடுங்கள். போட முடியாது என்றால் அந்த வாக்குறுதியையும் எடுத்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று, சின்னதாகத் தெரியும், ஆனால் தினமும் கேட்கிறேன். ஒரே நிறத்தில் ஆறு ஜோடி வாங்கி வைப்பவர்கள் புத்திசாலிகள். ஒன்று கிழிந்தால் மற்றதை இன்னொன்றோடு சேர்த்துப் போடலாம். ஆனால் மூன்று மாதம் கழித்து அதே மாடலை வாங்கினால் கறுப்பு வேறு கறுப்பாக இருக்கிறது, நீளம் ஒரு விரல்கடை குறைகிறது. சில நேரம் ஒரு ஜோடிக்குள்ளேயே இடது ஒன்று இறுக்கம், வலது ஒன்று தளர்வு. ஜோடி சேர்க்கிற மேசையில் இருப்பவர் இழுத்துப் பார்க்கக்கூட நேரம் கொடுக்காமல் அவரை விரட்டுகிறீர்களோ என்று தோன்றுகிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விலையை நான் மறக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் மூன்று ஜோடி நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதோடு போட்டி போட வேண்டியிருக்கிறது என்று உங்கள் ஏஜென்ட் சொல்கிறார். அந்த மூன்று ஜோடி நூறு ரூபாய்ச் சாக்ஸை வாங்குகிறவர் அது எவ்வளவு நாள் வரும் என்று தெரிந்தே வாங்குகிறார், அவருக்கு ஏமாற்றம் இல்லை. என் கடையில் ஒரு ஜோடிக்கு எண்பதும் நூறும் கொடுக்கிறவர்தான் ஏமாந்து போகிறார். அந்த விலைக்கு அவர் எதிர்பார்ப்பது ஆறு மாதம் கணுக்காலில் நிற்கிற சாக்ஸ். அது அதிக ஆசை இல்லை.

துவைக்கிற முறையையும் அட்டையில் தமிழில் எழுதுங்கள். பிளீச்சிங் போடாதீர்கள், நிழலில் காயப்போடுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். மூன்று வரி போதும். இப்போது ஆங்கிலத்தில் இருப்பதை யாரும் படிப்பதில்லை, சின்னச் சின்னப் படங்களும் யாருக்கும் புரிவதில்லை. நான் வாயால் சொல்லித்தான் அனுப்புகிறேன், அப்படிக் கேட்டுச் செய்தவர்களுக்குச் சாக்ஸ் கூடுதலாக உழைத்திருக்கிறது.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது ஒருவர், இரண்டு அளவில், அகலப் பட்டையோடு, தட்டைத் தையலில் கொஞ்சம் சாக்ஸ் பின்னிப் பார்க்க முன்வந்தால், அந்த மாதிரிகளை நான் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன். லாட்ஜ் தம்பிக்கும் காவலாளிக்கும் கீழக்கரைக்காரர்களுக்கும் கொடுத்து, மூன்று மாதம் எங்கள் போர் தண்ணீரில் துவைத்துப் போடச் சொல்கிறேன். யார் கால் எந்த நம்பர், பட்டை எப்போது தளர்ந்தது, எந்த இடம் முதலில் தேய்ந்தது என்று எழுதி அனுப்புகிறேன். கிழிந்த சாக்ஸையும் துவைத்து அனுப்பிவைக்கிறேன், உங்கள் ஆலையில் பிரித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ராமநாதபுரம் காலணிக் கடைக்காரர் ஒருவர்